கறுப்பு பீரும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும்

மும்பை மாதுங்காவில் காபிக் கொட்டை வறுபடும் மணம் அங்குள்ள தமிழர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதே வறுத்த மணம், அதே கசப்பு, ஏறத்தாழ அதே நிறம் கொண்ட வேறொரு பானமும் இன்று அந்நகரில் கிடைக்கிறது. அது காபி அல்ல, 'ஸ்டவுட்' எனப்படும் கறுப்பு பீர். 2009-இல் மகாராஷ்டிரத்தின் முதல் சிறு பீர் ஆலை புணேயில் தொடங்கப்பட்ட பின்னர், மும்பையிலும் அத்தகைய ஆலைகள் பெருகின. அவற்றில் வடிக்கப்படும் பீரை முகர்ந்து, சுவைத்து, எடைபோடும் வழக்கமும் வசதி படைத்தோரிடையே பரவியது.

கோப்பையில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு ரசனை சார்ந்தது. அதே நகரின் குடிசைப் பகுதிகளில் வாழும் தொழிலாளருக்கோ அது பலமுறை உயிர் சார்ந்த கேள்வியாக இருந்துள்ளது.

சுமைதூக்கிகளின் பானம்

ஸ்டவுட்டின் மூதாதை 'போர்ட்டர்'. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்கும் தொழிலாளர் விரும்பிக் குடித்ததால் அப்பெயர் பெற்றது. அதில் வீரியம் கூடிய வகை 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டு, பின்னர் வெறும் ஸ்டவுட் ஆயிற்று. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, சிறிதளவு கறுப்பு மால்ட்டைக் கொண்டே முழு பீருக்கும் நிறம் ஏற்ற முடிந்தது.

இந்தியாவுக்கு இப்பானம் புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் வெளிர் நிற பீரை நாடினர். சாதாரணச் சிப்பாய்களுக்காகப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது கறுப்பு போர்ட்டரே. வரலாற்றில் பெயர் பெற்றது அதிகாரிகளின் 'இந்தியா பேல் ஏல்'. சிப்பாய்களின் பானம் மறக்கப்பட்டது.

நிறம் ஏமாற்றும்

கறுப்பாக இருப்பதால் ஸ்டவுட் போதை மிகுந்தது என்பது பரவலான எண்ணம். இது சரியன்று. நிறம் வறுத்த தானியத்திலிருந்து வருவது; வீரியம் நொதிக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. டப்ளின் நகரின் புகழ்பெற்ற கின்னஸ் டிராட் ஸ்டவுட்டில் ஆல்கஹால் 4.2 சதவீத அளவே உள்ளது. இந்தியக் கடைகளில் மிகுதியாக விற்கும் பொன்னிற 'ஸ்ட்ராங்' பீர் 8 சதவீதத்தை எட்டக்கூடியது. மறுபுறம், இலங்கையின் லயன் ஸ்டவுட் 8 சதவீதத்தைத் தாண்டுகிறது. நுவரெலியாவின் மலைக்குளிரில் வடிக்கத் தொடங்கி, பின்னர் பியகமவுக்கு இடம் மாறிய இந்த பீரை உலக அரங்கில் அறியச் செய்தவர்களில் ஒருவர், 2007-இல் மறைந்த ஆங்கில பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன்.

எடைபோடும் முறையில் முதல் வேலை கண்ணுக்கு. கோப்பையை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்தால், கறுப்பெனத் தோன்றிய பீரின் விளிம்பு பெரும்பாலும் மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். நுரை பழுப்பு நிறத்தில், சட்டென அடங்கிவிடாமல் நிற்க வேண்டும். கோப்பையில் எண்ணெய்ப் பசையோ சோப்போ ஒட்டியிருந்தால் நல்ல பீரின் நுரையும் சரிந்துவிடும்.

அடுத்தது மூக்கு. காபி, கொக்கோ, கருகிய ரொட்டி ஆகிய மணங்கள் இருக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வீசினால் பீர் பழசு. வெண்ணெய் மணம் நொதித்தல் முறையாக முடியாததைக் காட்டும். காடியின் புளிப்பு நெடி வேண்டாத நுண்ணுயிர் புகுந்ததைச் சொல்லும். இதன் பிறகே நாக்கு. வறுத்த பார்லியின் காரக் கசப்பும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் தனித்தனியே தெரிகின்றனவா, விழுங்கிய பின் வாய் உலர்கிறதா, இனிப்பு தங்குகிறதா என்று பார்க்கப்படும். பனிக்கட்டிபோல் குளிர்ந்த பீரில் இவை எதுவும் தெரியாது. 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ச்சியே ஸ்டவுட்டுக்கு ஏற்றது.

இங்கு பெயருக்கு இடமில்லை என்பதே முக்கியம். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே பீரையும் ஒன்றில் வேறு பீரையும் ஊற்றி, பெயரை மறைத்து, மாறுபட்டதைக் கண்டுபிடிக்கச் சொல்வது ஆலைகள் கையாளும் சோதனை. ஸ்டவுட் ஆலை ஒன்று உலகுக்கு அளித்த கொடையும் உண்டு. கின்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கோசெட், குறைந்த மாதிரிகளைக் கொண்டு நம்பகமான முடிவுக்கு வருவது எப்படி என்பதை 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். மருந்து ஆய்வு முதல் பொருளாதார ஆய்வு வரை இன்றும் பயன்படும் 'டி சோதனை' அதிலிருந்து பிறந்ததே.

மதுவிலக்கும் தாராவியும்

மும்பையில் மதுவைச் சுவை கொண்டு அளக்கும் நிலை எளிதில் வந்துவிடவில்லை. 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தைத் தொடர்ந்து, 1950 ஏப்ரலில் மாகாணம் முழுவதும் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அப்போது உள்துறை மொரார்ஜி தேசாயிடம் இருந்தது. விஸ்கி, பீர் முதலியவற்றையும் ஆல்கஹால் கலந்த மருந்து, வாசனைப் பொருள்களையும் வைத்திருக்கத் தமக்குள்ள உரிமையைக் கோரி பால்சாரா என்பவர் வழக்குத் தொடுத்தார். 1951 மே 25-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மருந்து, ஒப்பனைப் பொருள்கள் தொடர்பானவை உள்ளிட்ட சில பிரிவுகளை நீக்கி, சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியது.

அச்சட்டம் பெயர் மாற்றத்துடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. மகாராஷ்டிரத்தில் மது அருந்துவோர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பதே விதி. செம்பூர் உள்ளிட்ட புறநகர்களின் மதுக்கூடங்களில் 'பர்மிட் ரூம்' என்ற பெயர்ப்பலகை தொங்குவது இதனால்தான். சீட்டைக் கேட்பவரும் அரிது, வைத்திருப்பவரும் அரிது.

மதுவிலக்கின் சுமை எங்கே இறங்கியது என்பதை மாதுங்காவுக்கு வடக்கேயுள்ள தாராவி அறியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழர் பலர் குடியேறிய பகுதி அது. சதுப்பு நிலமும் நெருக்கமான குடிசைகளும் கள்ளச் சாராய உலைகளுக்கு மறைவிடமாயின. தூத்துக்குடியிலிருந்து வந்து, ரயில் நிலையத்தில் போர்ட்டராகச் சுமை தூக்கிய வரதராஜ முதலியார் வளர்ந்தது இந்தச் சாராயப் பொருளாதாரத்தில்தான். மாதுங்காவில் அவர் நடத்திய கணபதி விழாவுக்குக் கூட்டம் திரண்டது. தாராவியில் அவரது சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1988-இல் அவர் மறைந்தார். அவரைப் பற்றித் திரைப்படம் பேசிய அளவுக்கு, அந்த உலைகளில் வடிந்ததைக் குடித்து உடல் கெட்டவர்களைப் பற்றி எவரும் பேசவில்லை.

நாக்கு தோற்கும் இடம்

பழைய பீரையும் கெட்ட பீரையும் நாக்கு கண்டுபிடித்துவிடும். மெத்தனாலைக் கண்டுபிடிக்காது. சாதாரண ஆல்கஹாலுக்கும் இதற்கும் மணத்திலும் சுவையிலும் குடிப்பவர் உணரத்தக்க வேறுபாடு இல்லை. உடலுக்குள் சென்றபின் இது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வை நரம்பையும் பின்னர் உயிரையும் பறிக்கிறது. தொடக்கத்தில் வெறும் போதைபோலவே தோன்றுவதால் பலர் மருத்துவமனைக்குச் செல்வதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

2015 ஜூனில் மும்பை மாலாட் பகுதியின் மால்வணிக் குடிசைகளில் 100-க்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். அவ்வழக்கில் 2024-இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அதே 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். மும்பையில் தனியார் மதுக்கடைகள். தமிழகத்தில் 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம். முறைகள் வேறு, சாவு ஒன்று. இரண்டு இடங்களிலும் மாண்டவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

அரசு எதை அளக்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் பீரை 5 சதவீதம் வரை சாதாரணம், 8 சதவீதம் வரை 'ஸ்ட்ராங்' எனப் பிரிக்கின்றன. மாநிலத் தீர்வை விகிதங்களும் அந்த 5 சதவீதக் கோட்டை ஒட்டியே அமைகின்றன. கோட்டுக்குக் கீழே தரமான பானத்தை வடிப்பதைவிட, குறைந்த விலையில் கூடுதல் போதையைத் தருவதே சந்தையில் வெல்கிறது. பையில் சில நூறு ரூபாய் மட்டுமே உள்ளவர், அந்தப் பணத்துக்கு எவ்வளவு போதை கிடைக்கும் என்றுதான் கணக்கிடுவார்.

2025 ஜூனில் மகாராஷ்டிர அமைச்சரவை எடுத்த முடிவும் இக்கணக்கிலிருந்து விலகவில்லை. உற்பத்திச் செலவு லிட்டருக்கு ரூ. 260 வரை உள்ள விஸ்கி, ரம் போன்றவற்றுக்கு, அச்செலவைப்போல் 3 மடங்காக இருந்த தீர்வை 4.5 மடங்காக உயர்த்தப்பட்டது. நாட்டுச் சாராயத்தின் தீர்வையும் கூட்டப்பட்டது. பீருக்கும் ஒயினுக்கும் உயர்வு இல்லை. ஆண்டுக்கு ரூ. 14 ஆயிரம் கோடி கூடுதல் வருவாய் எதிர்பார்க்கப்பட்டது. ஆக, சிறு ஆலையின் ஸ்டவுட்டை ரசிப்பவர் தப்பினார். மலிவு மதுவை நாடுபவர் மீது சுமை ஏறியது. சட்டபூர்வமான மலிவு மது கைக்கெட்டாமல் போகும்போது கள்ளச் சாராயத்துக்குக் கதவு திறக்கும் என்பது இரு மாநிலங்களும் விலை கொடுத்துக் கற்ற பாடம்.

முழு மதுவிலக்கா, கட்டுப்பாடா என்ற விவாதம் தொடரட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தொழிற்சாலை மெத்தனால் எந்த ஆலையிலிருந்து எங்கே செல்கிறது என்பதை லிட்டர் கணக்கில் கண்காணிப்பதும், ஐயத்துக்குரிய சரக்கை அன்றே சோதிக்கும் வசதியைக் காவல் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் அருகில் கொண்டுவருவதும் அரசால் இயலாதவை அல்ல. ஸ்டவுட் நன்றாக இருக்கிறதா என்பதை அதைக் குடிப்பவர் தம் நாக்கைக் கொண்டே முடிவு செய்துகொள்ளலாம். குடிசைவாசியின் கோப்பையில் நஞ்சு இருக்கிறதா என்பதை எந்த நாக்கும் சொல்லாது. அதை அரசுதான் சொல்ல வேண்டும், அதுவும் அவர் குடிப்பதற்கு முன்னால்.