மலை தாண்டி வரும் ஜலம்

மேற்கே அரபிக் கடலைத் தேடி ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றின் ஜலத்தை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. மிஞ்சும் ஜலம் வைகை அணையில் சேர்ந்து, மதுரைக்குத் தாகம் தீர்த்து, மேலூர் வயல்கள் வரையில் செல்கிறது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் இந்தப் பழைய யோசனைக்கு உயிர் கொடுத்தது. 1886 அக்டோபர் 29-ந் தேதி திருவாங்கூர் சமஸ்தானத்துடன் பிரிட்டிஷ் சர்க்கார் ஒப்பந்தம் செய்துகொண்டது. 8,000 ஏக்கர் நிலம்; ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய்; குத்தகைக் காலமோ 999 வருஷம்! 1895-இல் அணை திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக் துரைக்குப் பள்ளத்தாக்கு மக்கள் இன்றும் பொங்கலிட்டு நன்றி செலுத்துகிறார்கள். நியாயந்தான். ஆனால், காட்டு ஜுரத்துக்குப் பலியான கூலியாட்களின் பெயர்களை யார் அறிவார்?

அணை உடைந்துவிடுமோ என்ற அச்சம் கேரளத்தில் எழவே, 1979-இல் 152 அடி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. வழக்கு வளர்ந்தது. அணை பலமாகவே இருக்கிறதென்றும், 142 அடி வரை தேக்கலாமென்றும் சுப்ரீம் கோர்ட்டு 2006-இல் கூறி, 2014-இல் அதையே உறுதி செய்தது.

ஆயினும், தீர்ப்பு அடிக்கணக்கைத்தான் வகுக்கும், மனத்தாங்கலை ஆற்றாது. 2011-ஆம் வருஷக் கடைசியில் கிளர்ச்சி மூண்டபோது குமுளிப் பாதையில் போக்குவரத்து நின்றது. கேரளத்துக்குப் போகவேண்டிய காய்கறி தேங்கிற்று. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த ஏழைத் தமிழர்கள் பிழைப்பை விட்டு இறங்கி வந்தார்கள். ஜலம் இப்புறம் இறங்குகிறது. உழைப்பும் உணவும் அப்புறம் ஏறுகின்றன. இதில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

அணைக்குக் கீழே வாழும் கேரளத்துக் குடும்பங்களின் பயத்தை நாம் பரிகசிக்கலாகாது. அவர்களும் நம் வயல்களின் தாகத்தை மறக்கலாகாது. 1970-இல் இரு ராஜ்யங்களும் கூடிப் பேசி, குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்திக்கொள்ளவில்லையா? பேசினால் வழி பிறக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் பங்குக்கும் ஒரு கடமை உண்டு. தலைமடைக்காரர் முறை தவறாமல் பாய்ச்சி மடையை அடைத்தால்தான் கடைமடைக்காரரின் பயிர் பிழைக்கும். அண்டை ராஜ்யத்தாரிடம் நியாயம் கேட்கும் நாம், அண்டை வயற்காரருக்கு முதலில் அதை வழங்கவேண்டாமா?