அருவிக்கு முந்தின ஊர்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், அருவிக்கு முன்னால் வரும் பேரூராட்சி மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மொத்தத் தூரமே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். அதனால் சீசனில் வரும் வேன்களும் பேருந்துகளும் இந்த ஊரில் நிற்பதில்லை. துண்டும் எண்ணெய்க் குப்பியுமாகப் போகிறவர்களுக்கு இது ஜன்னலுக்கு வெளியே ஓடும் சில தெருக்கள், கொஞ்சம் வயல், தென்னை. ஆனால் குற்றாலத்தைத் தமிழ்நாட்டுக்குப் பாடிக் காட்டியவர் மேலகரத்துக்காரர். அவர் பாடியதில் பாதி அருவிக்கு மேலே இருக்கிறது. மறுபாதி அருவிக்குக் கீழே, இந்த வயல்களில் இருக்கிறது. அந்த மறுபாதியைப் பார்க்க அவசரமில்லாத ஒரு முழு நாள் வேண்டும்.

எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த நாள் அமையும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம் பொதுவாகத் தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதி. மேகங்கள் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் விடுகிறது. கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து 1904இல் திறக்கப்பட்ட ரயில் பாதை அந்த வழியாகத்தான் போகிறது. காற்றும் மேகமும் வருவதும் அதே வழி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும்போது தென்காசி வட்டாரத்தில் சாரல் விழுவதற்கு இதுதான் காரணம். சாரல் என்பது நனைத்து விரட்டுகிற மழை அல்ல. பத்து நிமிடம் தூறும், பிறகு வெயில், பிறகு மறுபடியும் தூறல். உள்ளூர்க்காரர்கள் குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்து போவார்கள். காற்று அடங்குவதே இல்லை. கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான்.

காலை நேரத்தை வயல்களுக்கு ஒதுக்குவது நல்லது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு அருவிகளாக விழுந்து, சமவெளியில் இறங்கியதும் அணைக்கட்டுகளால் மறிக்கப்பட்டு வாய்க்கால்களாகப் பிரிகிறது. வாய்க்கால் குளத்தை நிரப்பும், குளம் மடை வழியே வயலை நனைக்கும், மிஞ்சியது அடுத்த குளத்துக்குப் போகும். கடைசியில் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் இரண்டு நெற்போகங்கள் கார், பிசானம். சாரலை நம்பி நடுவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பிச் செய்வது பிசானம். ஆனி, ஆடியில் வருகிறவர் பார்ப்பது கார்ப் பயிரை. வரப்பில் நடப்பவர்கள் நாற்றை மிதிக்காமலும், மடையடைப்பைக் காலால் தட்டிவிடாமலும் போவது மரியாதை. ஒரு மடை திறந்துகொண்டால் முறைத் தண்ணீர் வீணாகும். அதற்குச் சண்டையே வரும்.

இந்த வயல்களைப் பார்த்த பிறகு திரிகூடராசப்பக் கவிராயரைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். மேலகரத்தில் பிறந்து குற்றாலநாதர் கோயில் வித்துவானாக விளங்கியவர் அவர். தலபுராணம், மாலை, அந்தாதி என்று குற்றாலத்தின் மேல் பல நூல்கள் செய்திருந்தாலும் நிலைத்தது திருக்குற்றாலக் குறவஞ்சி. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள். குறத்தி சிங்கி வந்து கை பார்த்துக் குறி சொல்கிறாள். பரிசு வாங்கிக்கொண்டு போன சிங்கியைத் தேடி அவள் புருஷன் சிங்கன் அலைகிறான். கதை இவ்வளவுதான். மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் இந்த நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வழங்கியது. ஒரு பாட்டுப் புத்தகம் ஒரு வயலுக்குப் பெயராவது தமிழ்நாட்டிலும் அபூர்வம்.

பள்ளிப் பாடநூல்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் சிங்கி பாடும் மலைவளத்தை: குரங்குகள், அருவித்திரை, வானவர்கள். சந்தமும் கற்பனையும் துள்ளும் பகுதி அது, எடுத்ததில் தவறில்லை. ஆனால் சிங்கன் பறவை பிடிக்க வரும் பகுதியில் கவிராயர் வேறொரு காரியம் செய்கிறார். பறவைகள் எங்கெங்கே மேய்கின்றன என்று சொல்லும் சாக்கில் செங்குளம், பேட்டைக்குளம் என்று குளங்களையும் பற்றுகளையும் பெயர் பெயராக அடுக்கிக்கொண்டே போகிறார். வெளியூர்க்காரருக்கு அது வெறும் பட்டியல். பாசனக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு எந்தக் குளத்துக்குக் கீழே எந்த வயல் என்பது மனப்பாடம்; அந்த அறிவுதான் பாட்டாக வந்திருக்கிறது. மலையைத் தூரத்திலிருந்து பார்த்து வியந்தவரும், காலடியில் வயலைப் பார்த்துக் கணக்கு வைத்தவரும் ஒரே ஆள்.

மேலகரம் தந்த இன்னொருவர் சுப்பிரமணிய தேசிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவராக இருந்தவர்; அவர் பெயரோடு ஊர்ப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆதீன வித்துவானாக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தபோது, அவருடைய இளம் மாணவர் உ.வே.சாமிநாதையர் திக்கற்று நின்றார். அவரை மடத்திலேயே நிறுத்திப் பாடம் சொன்னவர் தேசிகர்தான். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைக்கும் வரை அந்த ஆதரவு தொடர்ந்தது. சாமிநாதையர் சங்க நூல்களை அச்சேற்றிய கதையில் இந்தச் சின்ன ஊருக்கும் இப்படி ஒரு பங்கு உண்டு.

மதியச் சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்துக்கே உரிய இரண்டு வழிகள். ஒன்று சொதி: பாசிப்பருப்பு, காய்கறிகளோடு தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் குழம்பு. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் இது கட்டாயம். செரிப்பதற்கு இஞ்சிப் பச்சடி கூடவே வரும். இன்னொன்று செங்கோட்டைச் சாலையில் பிரானூரில் கிடைக்கும் ‘பார்டர்’ பரோட்டாவும் நாட்டுக்கோழியும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் அங்கே உண்மையாகவே எல்லை இருந்தது. எல்லை போய்விட்டது, பரோட்டாக் கடைப் பெயரில் மட்டும் நிற்கிறது. இரண்டையும் ஒரே மதியத்தில் சாப்பிட்டவர்களுக்கு மாலை நடை கிடையாது.

சாப்பாட்டுக்குப் பிறகு குற்றாலம். பேரருவியில் தண்ணீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவழியில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்து, பொங்கி வழிந்த பிறகே கீழே இறங்குகிறது. இல்லாவிட்டால் அந்த உயரத்துத் தண்ணீரில் யாரும் தலை கொடுத்து நிற்க முடியாது. மலையில் மழை வலுத்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும். கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரலாம். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. காவலர்கள் குளிக்கத் தடை என்றால் வாதாடாமல் கோயிலுக்குப் போய்விடலாம்.

குற்றாலநாதர் கோயில் சங்கின் வடிவில் கட்டப்பட்டது; தலமரம் குறும்பலா. சற்றுத் தள்ளியிருக்கும் சித்திரசபையைப் பலர் பார்க்காமலே திரும்புகிறார்கள். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய நான்கிலும் திருமேனி உண்டு. இங்கே மட்டும் அவர் சுவரில் ஓவியம். பக்கத்துச் சுவர்களிலும் ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது. இலக்கிய ஆர்வலர்களுக்குக் குற்றாலம் இலக்கியச் சுவைஞர் ரசிகமணி டி.கே.சி.யின் ஊருமாகும். 1954இல் மறையும் வரை அவர் இங்கே வாழ்ந்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள்.

மாலையில் தென்காசிக்குத் திரும்பினால் காசி விசுவநாதர் கோயில். பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பின்னாளில் கோயில் பழுதுபட்டால் அதைச் சீர்செய்கிறவர்களின் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்ற பொருளில் அவன் கல்வெட்டு இருக்கிறது. கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990இல்தான் மீண்டும் முழுமையாகி குடமுழுக்கு கண்டது. சாரல் காலத்தில் அந்த வாசலில் நுழையும்போது காற்று ஆளைத் தள்ளும்.

சாரல் முடிந்த பிறகும் மேலகரத்துக்கு வர வழியுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் அருவி மறுபடி நிறையும், வயலில் பிசானம் நிற்கும், கூட்டம் குறைவு. குற்றாலநாதருக்கு ஐப்பசி விசுத் திருவிழாவும் அப்போதுதான். பங்குனி, சித்திரையில் வந்தால் அருவி வெறும் பாறையாக இருக்கக்கூடும்; சித்திரை விசுத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் அதை எதிர்பார்த்தே வருகிறார்கள்.