சுரங்க நிலையத்தில் காற்று

நிலத்தடியில் வெயில் இல்லை. ஆயினும் வெப்பம் உண்டு. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் காளிகாட் நிலையத்தில் இதனை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் அந்நகரில் 1984 அக்டோபர் 24ஆம் நாள் ஓடத் தொடங்கியது. அன்றைய வண்டிகளில் குளிர்சாதனம் இல்லை. வெளிக்காற்றை இழுத்து, நீரால் கழுவித் தூசு போக்கி, குளிர்வித்து உள்ளே செலுத்தினர். பெட்டியின் சன்னல் வழியே பயணி பெற்றதும் அக்காற்றே.

2010இல் குளிர்சாதன வண்டிகள் வந்தன. 2021இல் பழையவை விடைபெற்றன. பெட்டிக்குள் சுகந்தான்! ஆனால் குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. பெட்டியிலிருந்து எடுத்த வெப்பம் சுரங்கத்திலேயே கொட்டப்படுகிறது. வண்டியை நிறுத்தும்பொழுது எழும் சூடு வேறு. கூட்டத்தின் உடற்சூடும் அதனோடு சேரும். இத்தனையையும் நிலையத்தின் இயந்திரங்களே வெளியேற்ற வேண்டும்.

ஹூக்ளி நதிக்கு அடியில் 2024இல் திறந்த பாதையிலோ, நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே முழுவுயரக் கதவுகள் நிற்கின்றன. சுரங்கத்தின் சூடு அப்புறம். நிலையத்தின் குளிர்ச்சி இப்புறம்.

அதே தடத்தின் உயர்பாதை நிலையங்களில் கதவு பாதியுயரமே. அது தவறி விழாமல் காக்கும், வெக்கையைத் தடுக்காது. மே மாத நண்பகலில் அங்கே காத்து நிற்கும் முதியவருக்குக் கூரையின் நிழலும் வீசும் காற்றுமே துணை.