பனி வழிக்கும் காலையில் இதயம்

பனி கொட்டிய மறுநாட் காலையில் ரொறன்ரோவின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு நெஞ்சுவலியோடு வருவோருள், சற்று முன்வரை கையில் சவளோடு நின்றவர்களும் இருப்பர்.

குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் உயர்கிறது. ஈரப்பனியைத் தூக்கி எறிகையில் இதயத் துடிப்பும் விரைந்து ஏறுகிறது. மூச்சை அடக்கி முக்கினால் அழுத்தம் மேலும் கூடும். ஆகவே மாரடைப்பு வந்தவர்களும் இதய நாடிகளில் அடைப்பு உள்ளவர்களும் சவளைத் தொடாதிருப்பதே நல்லது. அயல்வீட்டு இளைஞரிடம் உதவி கேட்பதில் வெட்கமில்லை. மற்றவர்கள் பனியைத் தூக்காமல் தள்ளுங்கள், இடையிடையே ஓய்வெடுங்கள்.

வாகனம் சூடேறட்டுமென்று இயந்திரத்தை இயக்கிவிட்டுப் பனி வழிப்பவர் பலர். புகைக்குழாயின் வாய் பனியால் அடைபட்டிருந்தால், நிறமும் மணமும் அற்ற காபன் மொனொக்சைட் வாகனத்தினுள் அமர்ந்திருக்கும் பிள்ளையைச் சூழும். முதலில் குழாய் வாயைத் துப்புரவு செய்யுங்கள், பிறகே சாவி. கதவு திறந்திருந்தாலும் கராஜினுள் இயந்திரத்தை ஓடவிடுதல் ஆகாது.

நைத்திரோகிளிசரின் தெளிமருந்தை உறைய விடலாகாது. அதை வாகனத்தில் வைக்காமல் உட்பையில் வைத்திருங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை தோன்றினால் நீங்களே வாகனம் செலுத்தி வராதீர்கள், 911ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வந்தால் சிகிச்சை உங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும்.