கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான்

ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டியிருக்கும் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் ஒரு கல்வெட்டு உண்டு. அரச விருந்தினர்கள் எந்த நாளில் எத்தனை பறவைகளைச் சுட்டார்கள் என்ற கணக்கை அதில் பெருமையோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் விழுந்தவை 4,273. இன்று அங்கே துப்பாக்கி இல்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டும் என்பதில்லை. பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைக் கணக்கில்தான் சேரும்.

பலருக்கும் இது தெரியாது. மழை முடியும் மாதங்களில் நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூட்டங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கின்றன. நல்ல படத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் பாதையை விட்டு இறங்கி நெருங்கினால் தாய்ப்பறவை எழும்பிவிடும். நிழலின்றிக் குஞ்சு வெயிலில் வாடும். காத்திருக்கும் காகத்துக்கு முட்டை இரையாகும். தேசியப் பூங்காவுக்குள் வேட்டைக் குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குளிர்காலத்தில் வெயில் காய வளையை விட்டு வரும் மலைப்பாம்பைக் கல்லெறிந்து அசைய வைப்பவர்களும் தப்ப முடியாது. விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும் அதே சட்டத்தில் தனிக் குற்றங்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கத்தையும் நான் இந்தச் சீண்டலோடுதான் சேர்ப்பேன்.

இங்கே பறவை காட்டுபவர்களில் பலர் ரிக்‌ஷா ஓட்டுநர்கள்; எந்த மரத்தில் எந்த ஆந்தை தூங்குகிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. கூடப் பணம் தருகிறேன், கூட்டுக்குப் பக்கத்தில் விடுங்கள் என்று அவர்களை வற்புறுத்தாதீர்கள். மாட்டினால் அவர்கள் பிழைப்பு போகும், நீங்களோ ரயிலேறிவிடுவீர்கள்.

விதிமீறலைக் கண்டால் வாக்குவாதம் வேண்டாம். இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைக் குறித்து, முடிந்தால் படமெடுத்து, வாயிலில் இருக்கும் வனத்துறையினரிடம் சொல்லுங்கள். பிறகு கோட்ட வன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத புகார் காற்றோடு போகும். நடவடிக்கை என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்து எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் முறையிட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு வழிவிடுகிறது. அடிபட்ட பறவையை இரக்கப்பட்டு எடுத்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அது அரசின் சொத்து. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும்.

பார்வையாளர்கள் அத்தனை பேரும் ஒழுங்காக நடந்தாலும் தண்ணீர் வராவிட்டால் நாரைகள் கூடு கட்டாது. பூங்காவுக்கு நீர் தரும் கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை வந்தபின், நீர் குறைந்து இந்தச் சதுப்புநிலம் காய்ந்த ஆண்டுகள் உண்டு. இந்த ஆண்டு பூங்காவுக்கு எவ்வளவு நீர், எந்த மாதத்தில் விட்டார்கள்? அதே 10 ரூபாயில் அதையும் கேட்கலாம்.