கடலுக்குப் போன வாத்தியார்

குழந்தைகளே! சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? சுமார் 120 கிலோ மீட்டர் வந்ததும், கணக்கு நோட்டில் கோடு போட்டதுபோலக் கட்டம் கட்டமாகப் பாத்திகள் தெரியும். பாத்தி ஓரங்களில் வெள்ளை வெளேரென்று குவியல்கள். அதுதான் மரக்காணம் உப்பளம். பேருந்தில் போகிறவர்கள் உப்பைப் பார்த்து 'அட!' என்பார்கள். அதற்குள் பேருந்து ஊரைத் தாண்டிவிடும். கிழக்கே கழியையும் மணல் மேட்டையும் கடந்தால் வரிசையாக மீனவர் குப்பங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது.

மிகப் பழைய கரை இது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு கடற்கரை ஊர் வருகிறது. அந்த ஊர் மீனவர்கள் வழிப்போக்கர்களுக்குச் சுட்ட குழல் மீன் கொடுத்து உபசரித்தார்களாம். அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

போன மே மாதம் சென்னையிலிருந்து என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். வயது பத்து. வந்த அன்றே, "தாத்தா, ஒரு படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலையில் கடலுக்குள்ளே போய் மீன் பிடிக்கலாமா? என் தோழி கோவாவில் போனாளாம்" என்று பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் ஆசைதான். முப்பது வருடங்களுக்கு மேல் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரியும். ஆனால் ஒரு நாள்கூடக் கடலுக்குள் போனதில்லை!

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கிறான். அவனிடம் போய்க் கேட்டோம். பேத்தியைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் தலையை ஆட்டிவிட்டான்.

"சின்னப் புள்ளைய ஏத்த மாட்டேன் சார். இது சுற்றுலாப் படகு இல்ல, தொழில் படகு. பாப்பாவ கடப்பாக்கம் கூட்டிட்டுப் போங்க, அங்க கழியில படகு ஓட்டறாங்க. தண்ணி ஆடாம இருக்கும், கோட்டையும் பாக்கலாம்" என்றான்.

அவன் சொன்ன கோட்டை ஆலம்பரைக் கோட்டை. மரக்காணத்துக்கு வடக்கே கழிக்கரையில் இடிந்து கிடக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர்களிடம் போன கோட்டை.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. "சரி, தாத்தா மட்டும் போகட்டும். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் கொண்டுவர வேண்டும்" என்றாள். "கடலில் சாலை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. நேற்று மீன் கிடைத்த இடத்துக்கே இன்றைக்கும் எப்படிப் போகிறார்கள்?"

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊர்ப் பெரியவர்களிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் அவனே சொல்லி வைத்தான். எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்தான். "இதப் போடலன்னா ஏறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னான். வகுப்பில் நான் பேசிய அதே குரல்!

மறுநாள் விடியற்காலை மூன்றரை மணி. கரையில் நல்ல இருட்டு. அவன் செல்போனில் அலையின் உயரமும் காற்றின் வேகமும் பார்த்தான். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் மீனவர்களுக்காக இந்தத் தகவல்களைத் தருகிறது. செல்போன் பரவாத காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துக் குப்பங்கள் சிலவற்றில் ஒலிபெருக்கியில் அலையின் உயரத்தை அறிவிப்பார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, சுனாமி வந்த காலையில், புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் செய்தி கேட்டுக் கூப்பிட்டிருந்தார். உடனே ஒலிபெருக்கியில் அறிவித்து மொத்த ஊரையும் கரையை விட்டு ஓடச் செய்தார்கள். வீடுகள் போயின. மனிதர்கள் பிழைத்தார்கள்.

எங்கள் படகில் நான்கு பேர். நான், அவன், அவனுடைய தம்பி, இன்னொரு இளைஞர். இங்கே துறைமுகம் இல்லாததால் மணலிலிருந்தே படகைத் தள்ளி, அலைகளைத் தாண்ட வேண்டும். அலை கரையை நெருங்கும்போது அதன் அடிப்பகுதி ஆழமில்லாத தரையில் உரசி வேகம் குறைகிறது. மேற்பகுதி முந்திக்கொண்டு போய்க் கவிழ்ந்து உடைகிறது. உடைகிற இடத்தில் படகு குறுக்காக நின்றால் புரட்டிவிடும். அதனால் படகைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் அலைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து போன பிறகு கொஞ்ச நேரம் கடல் அடங்கும். அந்த நேரம் பார்த்து "ஏலேலோ!" என்று ஒரு தள்ளு! மோட்டார் உறுமியது. படகின் மூக்கு மேலே போனது, கீழே விழுந்தது. நான் பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

அலைகளைத் தாண்டியதும் முதுகில் சில்லென்று காற்று. கரைப் பக்கமிருந்து வீசியது. நிலக்காற்று, கடல்காற்று என்று அறிவியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நிலம் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறிவிடும். கடல் இரண்டுக்கும் நேரம் எடுத்துக்கொள்ளும். இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. பகலில் அப்படியே தலைகீழ். மோட்டார் வராத காலத்தில் நிலக்காற்றில் பாய் விரித்துப் போய், கடல்காற்றில் வீடு திரும்பினார்கள். பகல் வெயிலும் காற்றும் சேர்ந்துதான் உப்பளப் பாத்தியிலும் தண்ணீரை ஆவியாக்குகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. இதை நான் எத்தனையோ வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். முதுகில் பட்டது அன்றைக்குத்தான்!

"சார், தண்ணியில கைய விட்டுப் பாருங்க" என்றான் அவன் தம்பி. விட்டேன். விரல்களைச் சுற்றி நீல நிறத்தில் ஒளிப்பொறி பறந்தது! கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் தண்ணீர் கலங்கும்போது இப்படி ஒளி விடுகின்றன. எனக்குப் பேத்தியின் நினைப்பு வந்தது.

கடலில் வேறு வெளிச்சமே இல்லை. பெரிய விசைப்படகுகள் எங்கே என்று கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக இந்த ஏற்பாடு. 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017-இல் 61 நாளாக்கினார்கள். கரையோரம் தொழில் செய்யும் இதுபோன்ற சிறு படகுகளுக்குத் தடை இல்லை.

ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்தினான். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினான். பிறகு இரண்டு கைகளையும் விரித்து விரித்துக் கயிற்றை அளந்துகொண்டே இழுத்தான். "எவ்வளவு ஆழம் சொல்லுங்க சார்?" என்றான். குத்துமதிப்பாக நூறு அடி என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "ஆறு பாகம் சார்!" இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஆக, 36 அடி. குண்டில் ஒட்டியிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்து, "கீழ சேறு" என்றான்.

வலை இறங்கியது. மேல் கயிற்றில் மிதவைகள், கீழ் கயிற்றில் ஈயக் குண்டுகள். தண்ணீருக்குள் அது சுவர்போல நிற்கும். வலையின் ஓட்டைக்குக் 'கண்' என்று பெயர். மீன் தலையை நுழைக்கும், உடம்பு போகாது. பின்னால் வரப் பார்த்தால் செவுள் மாட்டிக்கொள்ளும். குஞ்சு மீன் கண் வழியாக நுழைந்து போய்விடும். மிகப் பெரிய மீனுக்குத் தலையே நுழையாது. கண்ணின் அளவுதான் எந்த மீன் என்று முடிவு செய்கிறது. அன்று போட்டது கவலை வலை. பயப்படாதீர்கள், கவலை என்பது மத்தி இனத்து மீன்!

மோட்டார் நின்ற படகு தொட்டில்போல ஆடியது. எனக்குத் தலை சுற்றியது. வயிறு புரண்டது. அப்புறம் என்ன, இரவு சாப்பிட்ட இட்லி கடலுக்குப் போனது. உடம்பின் சமநிலையைக் காட்டும் உறுப்பு காதுக்குள் இருக்கிறது. அது 'ஆடுகிறோம்' என்கிறது. கண் படகுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு 'ஆடவில்லை' என்கிறது. மூளை குழம்பிப் போகிறது.

"கீழ பாக்காதீங்க சார், கரையப் பாருங்க" என்றான்.

அதற்குள் வெளுத்துவிட்டது. கரையைப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு ஒரு கறுப்புக் கோடுபோல இருந்தது. அங்கங்கே பனை மரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி.

வலையை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் போனோம், தூண்டில் போட. கடலுக்கடியில் பாறையாக இருக்கும் இடத்தைப் 'பார்' என்கிறார்கள். அங்கே சங்கரா மீன் கிடைக்குமாம். சுற்றிலும் ஒரே தண்ணீர். அவன் கரையைப் பார்த்துக்கொண்டே படகைத் திருப்பினான். இன்னும் கொஞ்சம் திருப்பினான். "இங்கதான்" என்று நிறுத்தினான்.

பேத்தியின் கேள்வியை எடுத்துவிட்டேன்.

"அந்தத் தண்ணித் தொட்டி தெரியுதா? அதுக்கு முன்னால ஒத்தப் பனை. ரெண்டும் ஒண்ணு பின்னால ஒண்ணு வந்துடுச்சா? அது ஒரு கோடு. இப்ப வடக்கால பாருங்க. தோப்பு முடியற எடமும் பின்னால இருக்கற கோபுரமும் ஒண்ணாத் தெரியுது. அது ரெண்டாவது கோடு. ரெண்டு கோடும் வெட்டற எடத்துல நாம நிக்கறோம். இப்ப ஜி.பி.எஸ். கருவியும் வெச்சிருக்கோம். ஆனா இது எங்க அப்பா காட்டினது."

குழந்தைகளே, இரண்டு நேர்கோடுகள் ஒரே ஒரு புள்ளியில்தான் வெட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் இவனுக்கு இதை நடத்தியவன் நான். பரீட்சையில் இவன் அதே கேள்விக்கு ஒன்றும் எழுதவில்லை. விடைத்தாளைத் தூக்கிக் காட்டி, "நீ மீன் பிடிக்கத்தான் லாயக்கு" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"நான் அன்றைக்கு ஒன்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லாம என்னா சார்?" என்றான். தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டான். "உங்ககிட்ட கோடுன்னா நோட்டுல இருக்கும். எனக்கு அது இதுதான்னு அப்பத் தெரியல. யாரும் சொல்லல."

எனக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் வாந்திதான் வந்தது.

அதனால் சீக்கிரமே திரும்ப வேண்டியதாகிவிட்டது. சங்கரா இரண்டே இரண்டு. வலையைத் தேடி வந்து இழுத்தோம். கவலை மீன்கள் வெள்ளிக் காசுகள்போல மின்னின. நடுவே சில கானாங்கெளுத்தி. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை தேய்ந்து எரிந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் கேட்கவா வேண்டும்!

கரையில் பேத்தி ஓடி வந்தாள். வலையிலிருந்து மீனைக் கழற்ற அவளையும் உட்கார வைத்துக்கொண்டார்கள். செவுளைக் கிழிக்காமல் எப்படி எடுப்பது என்று ஒரு பாட்டி சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஏலம். கூடைக்கு விலை சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். வந்த பணத்தில் எண்ணெய்ச் செலவைக் கழித்து, படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. பாரில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் நஷ்டஈட்டை அவன் வாங்க மறுத்ததால், சங்கராவை ஏல விலைக்கு நானே எடுத்தேன்.

கிளம்பும்போது, "சார், ஒரு நிமிஷம்" என்று தன் மகளை அழைத்து வந்தான். எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். "இவளுக்கும் கணக்கு வரலைன்னு சொல்றாங்க."

ஈர மணலில் உட்கார்ந்தேன். ஒரு புள்ளி வைத்து, "இது தண்ணீர்த் தொட்டி" என்றேன். இன்னொரு புள்ளி, "இது ஒற்றைப் பனை." இரண்டையும் சேர்த்துக் கடல் பக்கம் ஒரு கோடு இழுத்தேன். தோப்பு முனையையும் கோபுரத்தையும் வைத்து அடுத்த கோட்டை நான் இழுப்பதற்குள் அவளே குச்சியைப் பிடுங்கி இழுத்துவிட்டாள். இரண்டும் வெட்டிய இடத்தில் குச்சியைக் குத்தினாள்.

"இது எங்கப்பாவோட பாரு!" என்றாள்.

பேத்தி அந்தப் படத்தை அப்படியே தன் நோட்டில் வரைந்துகொண்டாள்.