சோடியம்-கால்சியம் பரிமாற்றி

சோடியம்-கால்சியம் பரிமாற்றி என்பது உயிரணு மென்சவ்வில் அமைந்து, மூன்று சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, அவற்றுக்கு ஈடாக ஒரு கால்சியம் அயனியை வெளியேற்றும் புரதமாகும். பாலூட்டிகளில் இதற்கு மூன்று வகைகள் உள்ளன. இதயத் தசையில் இருப்பது என்.சி.எக்ஸ்.1.

ஓய்வு நிலையில், உயிரணுவின் உள்ளே இருப்பதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு கட்டற்ற கால்சியம் வெளியே உள்ளது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எதிர்த்துக் கால்சியத்தை வெளியே தள்ள ஆற்றல் தேவை. ஆனால் பரிமாற்றி ஏ.டி.பி.யை நேரடியாகச் செலவிடுவதில்லை. சோடியம்-பொட்டாசியம் பம்பு ஏ.டி.பி.யைச் செலவிட்டுச் சோடியத்தை முன்பே வெளியேற்றி வைத்திருக்கிறது. அந்தச் சோடியம் உள்ளே திரும்பும் விசையே கால்சியத்தை வெளியேற்றுகிறது. பம்பு கட்டும் செலவில் பரிமாற்றி ஓடுகிறது எனலாம்.

இப்புரதம் இருபுறமும் திறந்த குழாய் அன்று. அயனிகள் பிணையும் இடம் ஒருமுறை வெளிப்புறமாகவும், மறுமுறை உட்புறமாகவும் திறக்கிறது. 2012-இல் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாக்கியது. அது பாலூட்டியின் புரதம் அன்று. மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாசி என்னும் ஆர்க்கியாவின் ஒத்த புரதம்.

ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நேர்மின்னேற்றங்கள் நுழைந்து இரண்டு வெளியேறுவதால், உள்நோக்கிய சிறு மின்னோட்டம் உண்டாகிறது. எனவே மென்சவ்வு மின்னழுத்தமும் இதன் திசையைத் தீர்மானிக்கிறது. உள்ளே சோடியம் மிகுந்தாலோ, மென்சவ்வின் உட்புறம் நேர்மின்னழுத்தம் அடைந்தாலோ, பரிமாற்றி தலைகீழாக இயங்கிக் கால்சியத்தை உள்ளே கொண்டுவரும். மாரடைப்பில் நின்ற இரத்த ஓட்டம் மீளும்போது இதயத் தசை கூடுதலாகச் சேதமடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதய மருந்தான டிகாக்சின் செயல்படும் விதமும் இதனுடன் தொடர்புடையது. 1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் செடியால் நீர்க்கோவை நோயாளிகள் குணமடைவதை எழுதினார். அச்செடியினத்திலிருந்து கிடைக்கும் டிகாக்சின் பரிமாற்றியைத் தொடுவதே இல்லை. சோடியம்-பொட்டாசியம் பம்பைத் தடுக்கிறது. உள்ளே சோடியம் உயர்கிறது, பரிமாற்றியின் விசை குறைகிறது, கால்சியம் தங்குகிறது, இதயம் வலுவாகச் சுருங்குகிறது. அளவு சற்று மிஞ்சினால், தேங்கிய கால்சியத்தைப் பரிமாற்றி வெளியேற்றும்போது எழும் அதே சிறு மின்னோட்டம் வேளைகெட்ட துடிப்புகளைத் தூண்டும். இதனால்தான் இம்மருந்தின் அளவு மிகக் கவனமாகக் கணிக்கப்படுகிறது.

ஆய்வுகளைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முயலின் இதயத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கால்சியத்தைப் பரிமாற்றி அகற்றுகிறது. எலியில் அது 10 விழுக்காட்டுக்கும் குறைவு. மனித இதயம் இதில் முயலையே ஒத்தது.